சாவி நோட்டில் இல்லாத பெயர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் சாவி தலைமையாசிரியர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அடித்த ஆணியில் தொங்கியது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிற்பாடு என் உடம்புக்கு வந்த கேடு முழுவதும் அந்த ஆணியிலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால், என் கணவர் "எல்லாத்துக்கும் யாரையாவது குத்தம் சொல்லணும் உனக்கு" என்பார். சொல்லட்டும். அவர் வேலை பார்த்த கிண்டி கம்பெனியில் மாடிக்கு ஒரு கழிப்பறை இருந்தது. ஒன்றுக்கும் பூட்டு கிடையாது.

பள்ளிக்கூடம் அஸ்தினாபுரத்தில். வீடு மாடம்பாக்கத்தில். காலை ஏழு மணிக்கு பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டி குரோம்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் முதல் மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். மாலை வீடு திரும்ப ஆறு ஆகிவிடும். இடைப்பட்ட பதினோரு மணி நேரத்தில் ஒரு பெண் நுழையக்கூடிய இடம் என்று வழியில் எதுவும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ஒன்று இருந்தது. அதைத் தாண்டும்போது நாங்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆக, மிச்சமிருந்தது ஆணியில் தொங்கிய அந்தச் சாவிதான்.

சாவிக்கு ஒரு கட்டை உண்டு. உடைந்த பெஞ்சின் காலிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, துளை போட்டு, கம்பியால் சாவியோடு பிணைத்திருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்பு யாரோ சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். மறுபடி அப்படி நடக்கக்கூடாது என்றுதான் கட்டை. கட்டையைக் கைப்பைக்குள் போட முடியாது, முந்தானைக்குள் மறைக்கவும் முடியாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு ஜன்னல்களைத் தாண்டி, கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கள் ஜன்னல் பக்க பெஞ்சுக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இரண்டாவது வாரத்திலேயே புரிந்துவிட்டது.

ஆண் ஆசிரியர்களுக்குச் சாவி தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பின்பக்க மதில் இருந்தது.

கட்டை போதாது என்று ஒரு நோட்டும் போட்டார் தலைமையாசிரியர். நீளவாக்கில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. தேதி, பெயர், சாவி எடுத்த நேரம், திருப்பிய நேரம், காரணம், கையொப்பம். ஆறு கட்டம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை, சம்பளப் பட்டியல் அனுப்பத் தாமதித்ததில்லை. ஆனால் சாக்பீஸ் பெட்டிக்கு நோட்டு, உலக வரைபடத்துக்கு நோட்டு, மணி அடிக்கும் இரும்புத் தடிக்குக்கூட நோட்டு வைத்திருந்தவர். கழிப்பறைச் சாவி எடுப்பதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் எதற்கு சார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் 'சொந்த வேலை' என்று எழுதினார்கள். புதிதாக வந்த ஒரு பெண் பயந்துபோய் 'தலைவலி' என்று எழுதினாள்.

நான் எதுவும் எழுதவில்லை. ஏனென்றால் நான் சாவியே எடுக்கவில்லை.

இதை எப்படிச் சாதித்தேன் என்று சொல்கிறேன். சாதனை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அரை டம்ளர் காப்பி. அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு வரை ஒரு சொட்டு கிடையாது. சாப்பாட்டின்போது தொண்டையை நனைக்க இரண்டு மடக்கு. தயிர் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து கட்டிக்கொண்டு போவேன். மே மாத ஸ்பெஷல் கிளாஸில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்ப மாட்டேன். இந்தத் தந்திரத்தை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் தினமும் வந்த பாதிப்பேருக்கு இது தெரிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்திருப்பவள் ஒன்று கர்ப்பிணி, இல்லையென்றால் வேலைக்குப் புதியவள்.

முதல் சில மாதம் மூன்றாவது பீரியடில் அடிவயிறு கனக்கும். கரும்பலகையில் எழுதும்போது காலை மாற்றி மாற்றி நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். மறுபடி மதியம் ஒரு தரம் வரும், அதுவும் அடங்கும். ஒரு வருஷம் போனதும் காலையில் வருவது நின்றது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ மதியமும் வரவில்லை. எப்போது நின்றது என்று கேட்டால் தெரியாது. வருவதைக் கவனிக்கலாம், வராததை எப்படிக் கவனிப்பது? பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழக்கம் என்றால் நல்லதுதானே.

ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வகுப்பு நேரம் வீணாகிறது என்று ஆரம்பித்து, பக்கங்களைப் புரட்டி, தமிழாசிரியை ஒருவர் ஒரே வாரத்தில் பதினேழு தடவை சாவி எடுத்திருப்பதை வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. பள்ளியில் இருந்ததே ஒரு தமிழாசிரியைதான். மூன்று பிள்ளை பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிறகு என்னைக் காட்டி, "நம்ம சயின்ஸ் டீச்சர் பேரு இந்த நோட்டுல ஒரு தடவைகூட இல்ல. மனசு இருந்தா முடியும்" என்றார். ஆண் ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமிழாசிரியை புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டேனா? பாதி வகுப்பில் எழுந்து விரலைக் காட்டும் பெண் பிள்ளைகளை "இப்பதானே இன்டர்வெல் போச்சு? உட்காரு. நான் அடக்கிக்கிட்டு நிக்கல?" என்று உட்கார வைப்பேன். இன்டர்வெல்லில் அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததில்லை. மாணவிகளுக்கென்று மைதானக் கோடியில் இருந்தது மேற்கூரையும் கதவும் இல்லாத நான்கு தடுப்பு. தண்ணீர் தொட்டி இருந்தது, தண்ணீர் இல்லை. பெரிய பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

இத்தனைக்கும் கழிவு நீக்க மண்டலம் என்ற பாடத்தை நான்தான் நடத்தினேன். சிறுநீரகம் வரைவேன், நெஃப்ரான் வரைவேன், அம்புக்குறி போடுவேன். சிறுநீர்ப்பை வந்ததும் பையன்கள் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். "இது ஒரு பை. இங்கே சேரும். நரம்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மிச்சத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். பரீட்சைக்கு நெஃப்ரான்தான் வரும். பையைக் கேட்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சாயங்காலமானால் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம், முதுகின் இடப்பக்கம் ஒரு குத்தல். மாடம்பாக்கம் டாக்டர் மாத்திரை கொடுப்பார், சரியாகும். இரண்டு மாதத்தில் திரும்ப வரும். "வெயில்ல அலையறே இல்ல, சூடு" என்றார் கணவர். இளநீர் வாங்கிக் கொடுத்தார். இளநீரையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் குடித்தேன். நான்காவது முறை வந்தபோது மாடம்பாக்கம் டாக்டர் கையை விரித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு சிறுநீரக நிபுணருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் முதலில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அவசரம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன ஹாலில் என்னோடு ஆறேழு பெண்கள். அரை மணி ஆனதும் ஒருத்தி எழுந்து நடக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி கால்மேல் கால் போட்டு முறுக்கிக்கொண்டாள். "அக்கா, என்னை முதல்ல விடச் சொல்லுங்க அக்கா, உயிர் போவுது" என்று பச்சைச் சேலைக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முறையை அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். அடுத்தவளுக்கும் விட்டுக் கொடுத்தேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டு, இந்தப் பெண்களுக்குப் பொறுமையே இல்லையே என்று நினைத்தபடி கடைசி ஆளாக உள்ளே போனேன்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு வரலையா?"

"என்ன?"

"யூரின். முட்டலையா? தொப்புள் வரைக்கும் நிக்குது."

போய்விட்டு வரச் சொன்னாள். போனேன். திரும்பவும் எடுத்தாள். பாதிதான் போயிருந்தது. இன்னொரு தரம் போகச் சொன்னாள். போய் உட்கார்ந்தேன், குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை எடுத்தபோதும் அந்தப் பாதி அப்படியே இருந்தது. அவள் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அங்கேதான் முதல் பயம் வந்தது.

நிபுணர் என் வயதுக்காரர். சர்க்கரை பார்த்தார், இல்லை. முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தார், கோளாறு இல்லை. பாதத்தில் குத்தி உணர்ச்சி பார்த்தார், இருந்தது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க?" என்று கேட்டார்.

"காலையில ஒண்ணு. வீட்டுக்கு வந்து ஒண்ணு."

"நடுவுல?"

"ஸ்கூல்ல போறதில்ல டாக்டர்."

"எத்தனை வருஷமா?"

ஏழு வருஷம் என்றேன். இந்த இடத்தில்கூட என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று நினைக்கிறேன். அவர் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விலங்கியல் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு பை வரைந்தார், ஒரு முதுகுத்தண்டு, ஒரு தலை. "பையோட சுவர் தசைம்மா. நிறைய நிறைய இழுபடும். பாதி நிறையும்போதே, 'இழுபடுது'ன்னு ஒரு நரம்பு சேதி சொல்லும். தண்டுவடத்தோட அடிப்பகுதிக்குச் சொல்லும், அங்கேர்ந்து மூளைக்கு. கைக்குழந்தைக்கு மூளை இன்னும் தடுக்கக் கத்துக்கல. பை நிறைஞ்சா சுருங்கும், போய்டும். ரெண்டு மூணு வயசுல மூளை ஒரு வார்த்தை கத்துக்குது. 'இரு.' அவ்வளவுதான். பை வாயில இருக்கிற தசை ஒண்ணு நம்ம சொல் கேட்கும், அதை இறுக்கிப் பிடிச்சுக்கறோம். ஆனா பையைச் சுருக்கற நரம்பு நம்ம சொல் கேட்காது. நாம 'போ'ன்னு விட்டா, அதுவா சுருங்கணும்."

"தெரியும் டாக்டர்."

"தெரியுமா? உங்க மூளை ஏழு வருஷமா தினமும் 'இரு, இரு'ன்னு மட்டுமே சொல்லியிருக்கு. சேதி சொல்ற நரம்பும் எத்தனை நாள்தான் சொல்லும்? இழுபட்டு இழுபட்டு தசை தொய்ஞ்சிடுச்சு. பழைய சாக்ஸ் எலாஸ்டிக் மாதிரி. சுருங்க மாட்டேங்குது. அடியில தேங்கி நிக்கறது கெட்டுப் போய், மேல கிட்னிக்கு ஏறுது. காய்ச்சல் அதான்."

இரண்டு வாரம் குழாய் போட்டுப் பையைக் காலியாகவே வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார். பிறகு, வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துப் போக வேண்டும், போனபின் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மூன்று மாதம் பார்க்கலாம். தசை திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் தினம் நாலைந்து வேளை நானே குழாய் விட்டு எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆயுசுக்கும். எடுக்காமல் விட்டால் சிறுநீரகம் போய்விடும்.

வீடு திரும்பும் வழியில் ரயில்வே கேட் அருகே நின்று அழுதேன். குழாயை நினைத்தல்ல, ஆத்திரத்தில். இந்தப் படத்தை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன்! படித்ததெல்லாம் பரீட்சைக்கு, உடம்புக்கு இல்லை.

இரண்டு வாரம் குழாயோடு, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். கணவர் அந்தப் பையைக் காலி செய்து கழுவி மாட்டினார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் மூன்றாம் நாளே "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்து அந்த ஹெட்மாஸ்டர்ட்ட பேசியிருப்பேன்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். என்ன பேசியிருப்பார்? 'சார், என் மனைவிக்கு மூத்திரம் வரும்' என்றா?

மறுபடி வேலைக்குப் போன அன்று டாக்டர் சான்றிதழைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அனுமதிக்கவும் என்று எழுதியிருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்களுமா டீச்சர்?" என்றார். பிறகு, சாவியைக் கேட்கும்போதெல்லாம் நான் விளக்கம் சொல்லிச் சங்கடப்படக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், அந்தச் சான்றிதழைப் பசை போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள். கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லாரும் என் சிறுநீர்ப்பையைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

பத்தரைக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. நோட்டு பக்கம் பக்கமாக என் பெயரால் நிறைந்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் வராந்தாவில் நடக்க, ஜன்னல் பக்கம் இருமல் சத்தம் கேட்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றாது. அழுத்தமில்லை, அவசரமில்லை, மரத்துப்போன பல் மாதிரி. அடிவயிற்றைக் கையால் அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு வருவேன். கதவுக்கு வெளியே பள்ளிக்கூட ஆயா காவல் நிற்பாள். "ஆத்திரத்த அடக்கினாலும் மூத்திரத்த அடக்கக் கூடாதுன்னு சொம்மாவா சொல்லிக்கிறாங்க டீச்சர்? நீ ரெண்டையும் அடக்கிக்கினு குந்திகினு இருந்துகீறே" என்பாள். பழமொழியைச் சொல்லிக் காட்ட ஒருத்தர் இல்லாத குறைதான் எனக்கு.

முதல் வாரமே தமிழாசிரியையிடம் போய் நின்றேன். அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்தது தப்பு என்றேன்.

"நீங்க சிரிச்சது எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் அவர். "ராத்திரி தூக்கம் வரல அன்னிக்கு." திருத்திக்கொண்டிருந்த கட்டுரை நோட்டை மூடினார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி, "குடிங்க. மணி ஆனா நான் கூப்பிடறேன்" என்றார். அதன்பிறகு தினமும் கூப்பிட்டார். ஒரு நாள் தவறவில்லை.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருந்தது. சனிக்கிழமை ஸ்கேன். உணர்ச்சி என்று ஒன்றும் திரும்பவில்லை. குழாய் விடும் பயிற்சிக்கு ஒரு நர்ஸைப் பேசி வைத்திருந்தார் கணவர். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றரைக்கு நானும் தமிழாசிரியையும் சாவிக்குப் போனால், தலைமையாசிரியர் அறை பூட்டியிருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பாம், போய்விட்டார். அறைக்குப் போட்டிருந்தது திண்டுக்கல் பூட்டு. சாவி உள்ளே ஆணியில். நோட்டும் உள்ளே மேஜையில். எல்லாம் பத்திரமாக இருந்தது. "ஒரு மணி நேரத்துல வந்துருவாரு" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர், மதில் பக்கமிருந்து வந்துகொண்டே.

அந்தப் பீரியட் எனக்குப் பத்தாம் வகுப்பில் திருப்புதல் பாடம். கழிவு நீக்க மண்டலம். இந்த முறை பக்கத்தைத் திருப்பவில்லை. எரிச்சலில் இருந்தேன், காலையிலிருந்து தண்ணீர் வேறு குடித்திருந்தேன். பையை வரைந்தேன், தண்டுவடத்தை வரைந்தேன், மூளையை வரைந்தேன். "சிரிக்கறவன் எழுந்து வெளியே போ" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பையிலிருந்து தண்டுவடத்துக்குச் சிவப்பு சாக்பீஸால் நரம்பு போட்டுக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஏதோ லேசாக இறுகியது.

வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். கோட்டைத் தொடர்ந்தேன். அது அடங்கியது. இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் வந்தது, முன்னைவிடக் கெட்டியாக, கீழ்நோக்கி. மூன்றாவது தரம் வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. வருஷக்கணக்காகச் சந்திக்காத ஆளைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்வதுபோல அதைக் கண்டுகொண்டேன். எனக்கு வருகிறது. எனக்கு, கடிகாரம் பார்க்காமல், தானாக, வருகிறது! பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

சனிக்கிழமை ஸ்கேனில் என்ன வந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடியில் நின்றது கால்வாசிக்கும் குறைந்திருந்தது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். நர்ஸிடம் கணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அது சனிக்கிழமை. இது செவ்வாய்க்கிழமை, சாவி திண்டுக்கல் பூட்டுக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷமாக வராதது, வரக்கூடாத வேளையாகப் பார்த்து வந்திருக்கிறது. மூளை பழக்க தோஷத்தில் 'இரு' என்றது. இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுக்கு வருது. போயிட்டு வரேன்" என்றேன்.

ஆயா கொடிமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"வந்துடுச்சா டீச்சர்?"

"வந்துடுச்சு. சாவி இல்ல."

"சாவி இன்னாத்துக்கு?" மணி அடிக்கும் இரும்புத் தடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ஒட. நான் பாத்துக்கறேன்."

கழிப்பறைப் பூட்டு சின்னது. இரண்டு அடியில் விழவில்லை. மூன்றாவது அடியில் கொக்கியோடு பெயர்ந்து வந்தது. உள்ளே போனேன். என்னவென்று சொல்வது, அழுத்தவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தானாகவே போயிற்று. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்தபோது வெளியே என் வகுப்பு முதல் பெஞ்சுப் பெண் நின்றிருந்தாள். ஒரு வருஷத்தில் மூன்று முறையாவது நான் உட்கார வைத்த பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வரிசை.

"டீச்சர், நானும் போகட்டுமா? காலையிலேர்ந்து..." என்றாள். முழுவதும் சொல்லவில்லை. என்னிடம் கேட்க அவள் பயந்தாள் என்பது எனக்கு எப்படியோ இருந்தது. விலகி வழிவிட்டேன். ஆயா வாளியில் தண்ணீர் இறைக்கப் போனாள். இடையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பீரியட் முடியும்வரை நான் கதவோரம் இரும்புத் தடியோடு காவல் நின்றேன்.

தலைமையாசிரியர் நாலு மணிக்கு வந்தார். உடைந்த பூட்டை அவர் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு முன்னால் ஆவணம் வேண்டும் அவருக்கு. நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க டீச்சர்."

தேதி எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, அதன் கீழே இடுக்கி, 'மற்றும் மாணவியர் இருபத்திரண்டு பேர்' என்று சேர்த்தேன். சாவி எடுத்த நேரம், எடுக்கவில்லை. திருப்பிய நேரம், இல்லை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும், மேலே பக்கம் முழுக்க என் கையெழுத்திலேயே வரிசையாக நின்ற 'சொந்த வேலை'களைப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: 'மூத்திரம் வந்தது.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். பேனாவை என்னிடம் நீட்டி, கடைசிக் கட்டத்தைக் காட்டினார்.

"கையொப்பம் போடலையே டீச்சர்."

போட்டேன்.